தலைகீழ்ச் சூளை: மெய்போத் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் மெய்போத் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஈரானின் நடு மேட்டுநிலத்தில், யஸ்த் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாலைவனச் சோலை ஊர் அது. அங்கே ஒரு டைல்ஸ் ஆலையில் மூன்று வருஷம் சூளை பார்த்தேன். சரித்திரம் படித்தவன் இல்லை, மெக்கானிக். ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்தால் அதன் அழகு எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். 'இது என்ன வேலை செய்தது?' என்ற கேள்விதான் முதலில் வரும். அந்த ஒரு பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பாலைவனத்தில் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பனிக்கட்டி செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 40 டிகிரி வெயிலில் எப்படி ஐயா? கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டீர்களோ?
(ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்)

நீங்கள் சந்தேகப்பட்டது நியாயம். நானும் முதலில் நம்பவில்லை. அதைவிட, நீங்கள் நினைத்த மாதிரி நடந்ததாகச் சொல்லும் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 'பழைய பாரசீகர்கள் கோடையில் காற்றை வைத்தே ஐஸ் செய்தார்கள்' என்று கீழே எழுதியிருப்பார்கள். அது கதை. ஐஸ் செய்தது குளிர்காலத்தில், சாப்பிட்டது கோடையில். நடுவில் ஆறு மாதம் அதை உருகாமல் வைத்திருந்ததுதான் சாமர்த்தியம்.

மெய்போத் கடல் மட்டத்துக்கு மேலே 1,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. கோடையில் வாட்டி எடுக்கும் ஊர், குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். காற்றில் ஈரம் கிடையாது, வானத்தில் மேகம் கிடையாது. அப்படிப்பட்ட இரவில் தரையில் இருக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை வானத்துக்கு அள்ளிக் கொடுத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு, பனிக்கட்டி வீட்டுக்கு வெளியே ஆழமில்லாத தொட்டிகளாக வெட்டி, இரவில் அவற்றில் நீர் பாய்ச்சினார்கள். விடிவதற்குள் உறைந்துவிடும். பகல் வெயில் தொட்டியின் மேல் விழக் கூடாது என்பதற்காகத் தெற்குப் பக்கத்தில் ஒரு நெட்டைச் சுவர். சுவரின் வடக்கே தொட்டி. நாள் முழுக்க அது நிழலிலேயே கிடக்கும். அந்தச் சுவரை முதலில் பார்த்தபோது ஏதோ இடிந்த கோட்டையின் மிச்சம் என்று நினைத்தேன். எதையும் தாங்காமல் தனியாக நிற்கும் சுவர் என்றால் வேறு என்ன நினைப்பது?

விடியற்காலையில் ஐஸை உடைத்து, பக்கத்தில் இருக்கும் குவிமாடத்துக்குள் தள்ளுவார்கள். உள்ளே தரையே இல்லை, பெரிய குழிதான். ஐஸ் ஒரு அடுக்கு, வைக்கோல் ஒரு அடுக்கு. குழியின் அடியில் கசிவு நீர் இறங்க வழி விட்டிருப்பார்கள், ஏனென்றால் ஐஸ் தன் உருகிய தண்ணீரிலேயே கிடந்தால் சீக்கிரம் கரையும். மேலே பச்சைச் செங்கல்லால் கட்டிய கூம்பு. கீழே சுவர் ரொம்பத் தடிமனாகத் தொடங்கி, மேலே போகப் போக மெலிகிறது. இந்தக் கட்டடத்துக்கு 'யக்ச்சால்' என்று பெயர். யக் என்றால் பனிக்கட்டி, சால் என்றால் குழி. இன்றைக்கும் ஈரானில் சமையலறை ஃபிரிட்ஜுக்கு அதே பெயர்தான்.

என்னை முதன்முதலில் அங்கே கூட்டிப்போனவர் எங்கள் ஷிஃப்ட் மேஸ்திரி. ஜூலை மாதம். இரவு முழுக்க 1,100 டிகிரிக்கு மேல் எரியும் உருளைச் சூளைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, வெளியே வந்தால் வெளியும் சூளையாக இருக்கும். அவர் வண்டியை நிறுத்தி, 'வா, தலைகீழ்ச் சூளை ஒன்று காட்டுகிறேன்' என்றார். குனிந்து உள்ளே போனேன். குளிர் என்று சொல்ல மாட்டேன், ஐஸ் வைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் கழுத்தில் வியர்வை சட்டென்று உலர்ந்தது. மேஸ்திரி ஒருமுறை இருமினார். அந்த இருமல் கூரை வரை போய்ச் சுற்றிவிட்டு, குழிக்குள் இறங்கி, எங்களிடம் திரும்பி வந்தது. அப்புறம் நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். சூளைக்காரனுக்கு இது கெட்ட பழக்கம், எந்தச் சுவரையும் தட்டிப் பார்ப்பான். சூட்டை உள்ளே அடைக்க நான் என்னவெல்லாம் செய்கிறேனோ, சூட்டை வெளியே நிறுத்த அவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள்: கனம், மண், காற்றுப் பொத்தல் கொண்ட பொருள். கணக்கு ஒன்றுதான், அம்புக்குறி மட்டும் எதிர்ப்பக்கம்.

நாரின் கோட்டை எத்தனை ஆண்டு பழையது? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.
(வரலாறு படிக்கும் கல்லூரி மாணவி)

ஒரே வருஷத்தில் கட்டிய கோட்டையாக இருந்தால் ஒரே பதில் இருந்திருக்கும், அம்மா. நாரின் கோட்டை அப்படிப்பட்டதல்ல. ஊருக்கு நடுவே ஒரு மேட்டின் மேல் அடுக்கடுக்காக ஏறிப்போகும் மண் கோட்டை. இடிந்த சுவர் ஒன்றின் வெட்டு முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கீழே பெரிய பெரிய பச்சைச் செங்கல், அதன் மேல் வேறு அளவில் செங்கல், அதற்கும் மேலே வெறும் சேற்றை அடுக்கி அப்பிய சுவர். ஒவ்வொரு ஆட்சிக்காரனும் முந்தையவன் விட்டுப்போனதை அஸ்திவாரமாக வைத்து மேலே ஏற்றியிருக்கிறான். இஸ்லாம் வருவதற்கு முந்தைய காலத்தில் தொடங்கிய இடம் என்பது பொதுவாகச் சொல்வது. ஊர்க்காரர்களைக் கேட்டால் சுலைமான் நபி காலத்துக்கே போய்விடுவார்கள்.

உங்கள் பாடத்துக்கு உதவும் இன்னொரு சங்கதி. 14ஆம் நூற்றாண்டில் ஷிராஸ், இஸ்பஹான் வரை ஆண்ட முஸாஃபரித் வம்சம் இந்த ஊரிலிருந்து கிளம்பியதுதான். அந்த வம்சத்தின் முபாரிஸ் அல்தீன் முஹம்மது ஷிராஸைப் பிடித்ததும் மதுக்கடைகளை இழுத்து மூடினார். அப்போது ஷிராஸில் இருந்த கவிஞர் ஹாஃபிஸ் அவரை 'ஒழுக்கக் கண்காணிப்பாளர்' என்று பெயர் வைத்துக் கவிதையிலேயே குத்திக் காட்டினார். கடைசியில் 1358இல் சொந்த மகனே அவரைப் பிடித்துக் குருடாக்கிவிட்டான். உலகத்துக்கு ஷிராஸ் தெரியும், ஹாஃபிஸ் தெரியும், அந்த ராஜா புறப்பட்ட மண் மேடு தெரியாது.

சாயங்காலம் கோட்டை உச்சிக்கு ஏறுங்கள். கீழே ஊர் முழுக்கக் கவிழ்த்த சட்டிகளாகக் குவிமாடங்கள் தெரியும். எல்லாம் ஒரே நிறம்.

யஸ்த் படங்களில் காற்றுக் கோபுரங்களுக்கு நாலு பக்கமும் திறப்பு இருக்கிறது. நீங்கள் போட்ட மெய்போத் படத்தில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. கட்டி முடிக்கவில்லையா?
(கட்டடக்கலை மாணவர்)

கண் நல்ல கூர்மை! முடித்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். காற்றுக் கோபுரத்துக்கு அங்கே 'பாத்கீர்' என்று பெயர், காற்றைப் பிடிப்பது என்று பொருள். யஸ்தில் பல திசைக்கும் வாய் வைத்துக் கட்டுவார்கள். அங்கே தௌலதாபாத் தோட்டத்தில் எட்டுப் பக்கமுள்ள ஒன்று 33 மீட்டருக்கு மேல் நிற்கிறது. ஆனால் மெய்போதிலும் பக்கத்து ஊரான அர்தக்கானிலும் பெரும்பாலும் ஒரு வாய்தான். அந்த வாய் வடமேற்கே, இஸ்பஹான் திசையைப் பார்த்து இருக்கும். அங்கிருந்து வருவதுதான் சொல்லும்படியான காற்று. 'இஸ்பஹான் காற்று' என்றே அதற்குப் பெயர். மற்றப் பக்கங்களிலிருந்து வருவது புழுதியும் அனலும். அதற்கு எதற்குக் கதவு திறந்து வைப்பது என்று முதுகைக் காட்டிவிட்டார்கள். திசைமானி இல்லாமல் அந்த ஊரில் வழி கண்டுபிடிக்க எனக்கு இதுதான் உதவியது. எல்லா வீடும் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

மழையே இல்லாத ஊரில் மாதுளைத் தோட்டம் எப்படி? தண்ணீர் எங்கிருந்து வந்தது?
(விவசாயி)

மலையிலிருந்து, மண்ணுக்கு அடியில். உங்களுக்கு இதை விளக்குவது எளிது, கிணறு வெட்டியவர் நீங்கள். மலையடிவாரத்தில் நீர் இருக்கும் இடத்தில் ஓர் ஆழமான கிணறு வெட்டுங்கள். அதைத் தாய்க்கிணறு என்பார்கள். அதிலிருந்து நீரை இறைக்கப் போவதில்லை. அந்த நீர்மட்டத்திலிருந்து ஊரை நோக்கி, மிக மிக மெல்லிய சரிவில், தரைக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்டுகிறீர்கள். மேலே நிலமும் ஊர்ப்பக்கம் சரிகிறது, ஆனால் சுரங்கத்தைவிட வேகமாகச் சரிகிறது. ஆகவே பல கிலோமீட்டர் போன பிறகு சுரங்கமும் தரையும் சந்திக்கும். அங்கே நீர் தானாக வெளியே வந்து ஓடும். பம்பு வேண்டாம், மாடு வேண்டாம். இதுதான் 'கனாத்'. யஸ்தின் சார்ச் கனாத் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஈரானின் 11 கனாத்களை 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதுவும் சேர்ந்தது.

சரிவுதான் உயிர். கொஞ்சம் அதிகமானால் நீர் ஓட்டத்தில் சுரங்கம் அரித்து இடிந்துவிடும். குறைந்தால் வண்டல் சேர்ந்து அடைக்கும். தோண்டுகிறவருக்கு 'முகன்னி' என்று பெயர். வெள்ளை உடுப்போடுதான் இறங்குவார். இருட்டில் ஆளைக் கண்டுபிடிக்க அது வசதி என்பார்கள். உள்ளே மண் சரிந்துவிட்டால் கஃபனாகவும் (உடலைச் சுற்றிப் புதைக்கும் துணி) அதுவே போதும் என்றும் சொல்வார்கள். வழி நெடுக மேலேயிருந்து துளைக்கிணறுகள் வெட்டியிருப்பார்கள், மண்ணை வெளியே எடுக்கவும் காற்று போகவும். விமானத்திலிருந்து பார்த்தால் எறும்புப் புற்று வரிசை போட்டது போல் தெரியும். மண் நெகிழ்வாக இருக்கும் இடத்தில் சுட்ட களிமண் வளையங்களை உள்ளே செருகி முட்டுக் கொடுப்பார்கள். அந்த வளையம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுமாராகத்தான் சுட்டிருந்தார்கள், ஒரு பக்கம் கறுப்பு. எங்கள் ஆலையில் என்றால் தள்ளுபடி. இத்தனை காலம் தண்ணீரில் நின்றிருக்கிறது, நான் என்ன சொல்ல!

அப்புறம் பங்கீடு. யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை ஒரு கிண்ணம் முடிவு செய்தது. அடியில் நுண்ணிய துளை போட்ட செம்புக் கிண்ணத்தைப் பெரிய பாத்திரத்து நீரில் மிதக்க விடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு பங்கு நேரம். உடனே எடுத்து மறுபடி மிதக்க விட வேண்டும். இரவும் பகலும் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் கண் அசந்தால் யாரோ ஒருவருக்குத் தண்ணீர் கூடும், யாரோ ஒருவருக்குக் குறையும். வாய்க்கால் சண்டை பார்த்த உங்களுக்கு அந்த ஆளின் பதவி எவ்வளவு பெரியது என்று புரியும்.

இவ்வளவு பெருமை சொல்கிறீர்கள். நீங்கள் வேலை பார்த்த டைல்ஸ் ஆலைகள் அந்த ஊரை என்ன செய்தன? அதையும் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

கேட்க வேண்டிய கேள்வி. தப்பிக்கப் பார்க்க மாட்டேன். மெய்போத் இன்றைக்கு ஈரானின் பெரிய டைல்ஸ் ஊர். களிமண் இருந்தது, குயவர்கள் இருந்தார்கள், அதன் மேல் ஆலை வந்தது. ஊருக்குச் சம்பளம் வந்தது. எனக்கும் வந்தது. புகையும் புழுதியும் வந்தன.

தண்ணீர் விஷயம் இன்னும் சிக்கல். ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. கனாத் என்பது மேல்மட்டத்து நீரை மட்டும் மெதுவாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. மட்டம் சுரங்கத்துக்குக் கீழே போய்விட்டால் கனாத் வெறும் பொந்து. இப்படி வறண்டவை அந்த வட்டாரத்தில் நிறைய. இப்போது யஸ்த் மாகாணத்துக்கு இஸ்பஹான் பக்கத்து சாயந்தே ரூத் ஆற்றிலிருந்து குழாயில் நீர் வருகிறது. அந்த ஆறே பல மாதம் மணலாகக் கிடக்கிறது. அங்கத்து விவசாயிகள் கோபத்தில் குழாயை உடைத்த சம்பவங்களும் நடந்தன. உடைந்த அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் வாளிகளை வரிசையாக வைத்திருந்தோம். தாத்தா வெட்டிய சுரங்கம் காலுக்குக் கீழே காய்ந்து கிடக்க, பேரன் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனோடு சண்டை போடுகிறான் என்று மேஸ்திரி திட்டுவார். அவரும் ஆலைச் சம்பளக்காரர்தான், நானும்தான்.

புறாக் கோபுரத்துப் புறாக்களைச் சாப்பிடுவார்களா?
(ஏழாம் வகுப்பு மாணவன்)

இல்லை தம்பி, அந்தக் கோபுரம் கட்டியது எச்சத்துக்காக. உள்ளே வட்டச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடம், சுமார் 4,000 என்று சொல்வார்கள். இரவில் புறா வந்து தங்கும், எச்சம் கீழே விழும். அவ்வப்போது கதவைத் திறந்து அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவார்கள். தோல் பதனிடவும் உதவியது. புறாக்களுக்குச் சோறு போட வேண்டியதில்லை, வெளியே போய் அவையே தின்றுவிட்டு வரும். வெளிச்சுவரில் வழுவழுவென்று சுண்ணாம்புப் பட்டை ஒன்று ஓடுகிறது பார், அது பாம்பு ஏறாமல் இருக்க. ஏறினால் வழுக்கும். இப்போது கோபுரத்தைச் செப்பனிட்டு வேடிக்கை பார்க்கத் திறந்துவிட்டார்கள், புறாக் குடும்பங்கள் இல்லை.

ஸிலு என்று ஒரு விரிப்பு பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நம் ஜமக்காளம் மாதிரியா? வாங்கினீர்களா, என்ன விலை?
(இல்லத்தரசி ஒருவர்)

ஜமக்காளத்துக்கு அண்ணன் முறை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பருத்தி, அதே சில்லிப்பு, காலுக்கு அடியில் அதே முரட்டுத்தனம். வித்தியாசம் நெசவில். ஸிலுவைத் திருப்பிப் போட்டால் பின்பக்கமும் அதே கோலம் இருக்கும், நிறம் மட்டும் இடம் மாறியிருக்கும். முன்னால் நீலத்தில் வெள்ளைக் கோலம் என்றால் பின்னால் வெள்ளையில் நீலக் கோலம்.

ஊர்ப் பழைய ஷா அப்பாஸி சராயில் ஸிலு அருங்காட்சியகம் இருக்கிறது. வழிப்போக்க வணிகர்கள் ஒட்டகத்தோடு தங்கிப் போன சத்திரம் அது. 2023இல் யுனெஸ்கோ சேர்த்த 54 பாரசீகச் சராய்களில் இதுவும் ஒன்று. ஒட்டகக்காரர்கள் படுத்த அறைகளில் இப்போது மசூதி விரிப்புகள் தொங்குகின்றன. மசூதிக்கு நீலமும் வெள்ளையும், வீட்டுக்குப் பச்சையும் காவியும் என்று ஒரு வழக்கம் இருந்தது. மசூதி ஸிலுவில் வரிசையாக மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடம்) வளைவுகள், ஒரு வளைவுக்கு ஒரு ஆள் நின்று தொழ. ஓரத்தில் யார் தானம் கொடுத்தது, எந்த ஆண்டு, எந்த நெசவாளர் என்று எழுத்தாகவே நெய்திருப்பார்கள். 'இங்கிருந்து இதைத் தூக்கிப்போகிறவன் மேல் இறைவனின் சாபம் விழட்டும்' என்று நெய்தவையும் உண்டு. பூட்டைவிட மலிவான காவல்!

ஒரு நெசவாளர் வீட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். தறி செங்குத்தாகக் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கனமான மரம். நெசவாளர் முன்னால், உதவிக்கு ஒருவர் பக்கத்தில். கோலத்துக்கு எந்த இழை எழ வேண்டுமோ அந்தக் கயிற்றை உதவியாள் இழுப்பார், இவர் ஊடையை ஓட்டுவார், அப்புறம் இரும்புச் சீப்பால் ஓங்கி அடிப்பார். டக், டக், டக். பேச்சே கிடையாது. எந்தக் கயிறு எப்போது என்பது இருவருக்கும் மனப்பாடம். நெசவாளருக்கு எழுபது வயதிருக்கும். தோளில் ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகப் பருத்திருந்தது. 2018இல் உலகக் கைவினை மன்றம் மெய்போதை ஸிலுவின் உலக நகரம் என்று அறிவித்தது. அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். பிள்ளைகள் டைல்ஸ் ஆலைக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

விலைக்கு வருகிறேன். இங்கேதான் நான் மானத்தை விட்டேன். கடையில் ஒரு சின்ன ஸிலுவை எடுத்து 'எவ்வளவு ஐயா?' என்றேன். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து 'காபெல் நதாரே' என்றார். 'உங்கள் தகுதிக்கு இது ஒன்றுமே இல்லை' என்று அர்த்தம். வந்த புதிது. அட, இவ்வளவு நல்ல மனிதரா என்று நன்றி சொல்லிச் சுருட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை, அதுதான் அவர்கள் பண்பு. கூட வந்த சக ஊழியர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அது வெறும் உபசார வார்த்தை. 'தஆரோஃப்' என்பார்கள். மூன்று தடவை நாம் வற்புறுத்தினால்தான் விலை வாயில் வரும். சரி என்று திரும்பிப் போய், வெட்கத்தோடு வற்புறுத்தி, விலையைக் கேட்டு நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். அவர் சொன்னது தொமான், நான் கொடுத்தது ரியால். பத்து ரியால் ஒரு தொமான். நோட்டில் அச்சிட்டிருப்பது ரியால், வாயில் வருவது தொமான். ஆக, முதலில் இலவசமாகத் தூக்கப் பார்த்தேன், அடுத்து பத்தில் ஒரு பங்கு கொடுக்கப் பார்த்தேன். அங்கே பணத்தின் மதிப்பு மாதத்துக்கு மாதம் சரிவதால் அன்றைய விலையைச் சொல்லி உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

பாரசீகச் சொற்கள் தமிழில் இருக்கின்றன என்கிறார்களே, அங்கே இருந்தபோது ஏதாவது காதில் விழுந்ததா?
(தமிழ் ஆசிரியை)

வேலைக்குப் போன முதல் நாளே. ஆலைக்கு அங்கே 'கார்கானே'. நம் பெரியவர்கள் சொல்லும் கார்கானாதான். சால்வை, மைதானம், ரஸ்தா எல்லாம் காதில் விழும். எனக்குப் பிடித்தது வேறு. ஊர்ப் பொது நீர்த்தொட்டியை 'ஆப் அன்பார்' என்பார்கள், நீர்க் கிடங்கு. படிகளில் இறங்கி, இருட்டில் கைபடும் பித்தளைக் குழாய் வரை போய்த்தான் அந்தக் காலத்தில் தண்ணீர் பிடித்தார்கள். அந்த அன்பார்தான் நம்மிடம் நெல் குவியலாகி 'அம்பாரம்' ஆனது. ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்கு நெல்.

தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். போகலாமா?
(வங்கி ஊழியர்)

ஆண் சொல்லும் பதில் இதற்கு அரைப் பதில்தான். பெண்களுக்குத் தலைமறைப்பு சட்டப்படி கட்டாயம். வெளிநாட்டு வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்யாது, தடைகளால். பணமாகவே கொண்டுபோய் மாற்ற வேண்டும். விசா விதிகளும் நிலவரமும் அடிக்கடி மாறுகின்றன, புறப்படும் முன் தூதரகத்தைக் கேளுங்கள், இந்தப் பக்கத்தை நம்பாதீர்கள். தெஹ்ரானிலிருந்து யஸ்த் போகும் ரயில் பாதையில்தான் மெய்போத் இருக்கிறது. கோடையில் மட்டும் போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் பட்டினியா?
(அஞ்சலட்டையில் ஒரே வரி)

ரொட்டி, தயிர், பச்சை இலைகள், கத்தரிக்காயும் கஷ்க்கும் (மோரிலிருந்து செய்யும் புளிப்புக் குழம்பு), பிறகு யஸ்த் பக்கத்து 'ஆஷ்-எ-ஷூலி'. பீட்ரூட்டும் பருப்பும் கீரையும் போட்டு மாவு கரைத்துக் காய்ச்சி, வினிகரால் புளிப்பேற்றிய கஞ்சி. முதல் கரண்டியில் பிடிக்காது. நாலாவது நாள் தேடுவீர்கள். இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது என்ன கொண்டுவந்தீர்கள்?
(ஆரம்பக் கேள்வி கேட்ட அறிவியல் ஆசிரியரே, கடிதத்தின் பின்குறிப்பில்)

ஸிலுவை என் பெண் எடுத்துக்கொண்டாள். என்னிடம் இருப்பது ஒரு தட்டு. மெய்போத் குயவர்கள் வெள்ளை மேல் நீலத்தில் வரையும் 'ஹோர்ஷித் ஹானும்', சூரிய அம்மாள். வட்ட முகம், சேர்ந்த புருவம், சுற்றிலும் கதிர்கள். மீனும் பறவையும்கூட வரைவார்கள், ஆனால் ஊருக்கு அடையாளம் இந்த முகம்தான். கடையில் பளபளப்பான தட்டுகள் நிறைய இருந்தன. நான் எடுத்ததைப் பார்த்துக் கடைக்காரர் 'அது பழுது' என்று மாற்றித் தர வந்தார். சூளையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மூன்று கால் வைத்த களிமண் முக்காலி வைப்பார்கள். அது நின்ற இடத்தில் மெருகு பிடிக்காது. இந்தத் தட்டில் முக்காலியின் கால்கள் சரியாக அம்மாளின் முகத்தில் இறங்கியிருக்கின்றன. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, முகவாயில் ஒன்று. விரலால் தடவினால் சொரசொரப்பு தட்டும்.